புறப்படும் நேரத்தில் ஒரு வரி விடுபட்டுப் போவது ஏன்? விமானிகளிடமும் விவரம் அறிந்தவர்களிடமும் ஒரு கேள்வி

கேள்வி: திருமங்கலம் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் திருமங்கலத்தில் வசிக்கிறேன். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். என் மகள் வேறொரு மாநிலத்தில் உள்ள பயிற்சி நிறுவனம் ஒன்றில் வணிக விமானி உரிமத்துக்காகப் பயின்று வருகிறாள். இரண்டு நாட்களுக்கு முன் இரவில் அலைபேசியில் அழைத்தவள், வழக்கமான உற்சாகம் இல்லாமல் நெடுநேரம் பேசினாள்.

அன்று காலை, ஓடுதளத்துக்குள் நுழையும் கோட்டுக்கு முன் செஸ்னா 172 விமானத்தை நிறுத்திவைத்து, புறப்பாட்டுக்கு முந்தைய சரிபார்ப்புப் பட்டியலை அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அழைத்து, தரையிறங்க வரும் வேறொரு விமானம் கடக்கும் வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பதில் கூறிவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பியவள், விட்ட இடத்துக்கு ஒரு வரி கீழே தொடர்ந்துவிட்டாள். விடுபட்டது, விமானத்தின் மூக்கு மேலும் கீழும் சாயாதபடி சமன்செய்யும் டிரிம் சக்கரத்தைப் புறப்பாட்டு நிலைக்குக் கொண்டுவரும் வரி. முந்தைய தரையிறக்கத்தின்போது மூக்கை உயர்த்தும் பக்கமாகத் திருப்பிய சக்கரம் அப்படியே இருந்தது. பயிற்றுநர் அதைக் கவனித்தும் உடனே சொல்லவில்லை. ஓடுதளத்தின் நடுக்கோட்டில் விமானம் நேராக நின்ற பிறகு, விசையைக் கூட்டப் போன அவள் கையைத் தடுத்து, "எதை விட்டாய்?" என்று கேட்டாராம். அவளால் சொல்ல முடியவில்லை.

அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "அப்பா, நான் அந்த வரியைத் தாண்டிப் போனதாக எனக்குத் தோன்றவே இல்லை. செய்து முடித்துவிட்டதாகவே மனம் சொன்னது. செய்யாத ஒன்றைச் செய்ததாக மனம் எப்படிச் சொல்லும்?"

நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். 2025 ஜூன் மாதம் அகமதாபாத்தில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு என் மனைவி விமானம் என்ற சொல்லைக் கேட்டாலே கலங்கிவிடுகிறாள் என்பதால், வீட்டில் இதைப் பேசவும் வழியில்லை. ஆகவே இங்கே கேட்கிறேன். பல்லாயிரம் மணிநேரம் பறந்தவர்களுக்கும் இப்படி நேர்வதுண்டா? இது கவனக்குறைவுதானா, அல்லது வேறு பெயர் வைக்க வேண்டிய ஒன்றா? பயிற்சிக் காலத்திலேயே இதைத் திருத்திக்கொள்ள அவள் என்ன பழக வேண்டும்? ஆறுதல் சொல்ல வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

பதில்: கே.கே. நகர், ஓய்வுபெற்ற விமானி

வணக்கம் ஐயா. முதலில் ஏடிஆர் விமானங்களிலும், பிறகு ஏர்பஸ் ஏ320 விமானங்களிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் உண்டு: நேரும். உங்கள் மகளுக்கு நேர்ந்த அதே வகைப் பிழை, அதே வகை இடையூறால், உலகின் மிகப் பெரிய விபத்துகள் சிலவற்றுக்குக் காரணமாக இருந்திருக்கிறது.

2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட் நகரின் பராஹாஸ் நிலையத்தில் நடந்ததை அவள் வரி வரியாகப் படிக்க வேண்டும் என்பேன். எம்டி-82 வகை விமானம் ஒன்று ஓடுதளத்தின் அருகே வரை சென்றபின், வெளிக்காற்றின் வெப்பநிலையை அளக்கும் கருவி அளவுக்கு மீறிச் சூடாவதாகக் காட்டியதால் மீண்டும் நிறுத்துமிடத்துக்குத் திரும்பியது. பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள், நேரம் கடந்தது, பயணிகள் புழுக்கத்தில் காத்திருந்தார்கள். பிறகு மறுபடியும் எஞ்சின்களை இயக்கி, அதற்குப் பிந்தைய பட்டியலைப் படித்துக்கொண்டு வந்தபோது, அடுத்ததாக ஃபிளாப் (இறக்கையிலிருந்து விரியும் பலகை) வரியைப் படிக்க வேண்டிய அந்தக் கணத்தில், நகர்வதற்கான அனுமதியைக் கோபுரத்திடம் கேட்குமாறு கேப்டன் துணை விமானியிடம் கூறினார். துணை விமானி கேட்டார், அனுமதி கிடைத்தது, விமானம் நகர்ந்தது. ஃபிளாப் வரி படிக்கப்படவே இல்லை. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள அந்தப் பலகைகளும் முன்விளிம்பில் உள்ள ஸ்லாட்டுகளும் விரியாமல் அந்த எடையைத் தூக்க வேண்டுமானால் இன்னும் அதிக வேகம் வேண்டும் என்பதை இயற்பியல் ஆசிரியரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 172 பேரில் 154 பேர் இறந்தார்கள்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. ஓடுதளத்தை அடைவதற்கு முன் படிக்கும் இறுதிப் பட்டியலில் ஃபிளாப்பின் அளவைத் துணை விமானி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். காட்டியைப் பார்த்துச் சொல்லவில்லை. அங்கே என்ன இருக்க வேண்டுமோ அதைச் சொன்னார். நூற்றுக்கணக்கான முறை அந்த இடத்தில் அந்த எண்ணைப் பார்த்த கண்ணுக்கு, அது இல்லாதபோதும் இருப்பதுபோல் தோன்றிவிடும். உங்கள் மகளின் கேள்விக்கான விடை இதற்குள் இருக்கிறது. ஒரு செயலை முந்நூறு முறை செய்தவரின் மனத்தில் முந்நூறு நினைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். இன்று காலை செய்தேனா என்று மனத்தைக் கேட்டால், அது நேற்றைய நினைவை எடுத்து நீட்டி, "செய்துவிட்டாய்" என்கிறது. மனம் பொய் சொல்வதில்லை ஐயா. தேதியை மாற்றிச் சொல்கிறது.

இடையூறு ஏன் இவ்வளவு கேடு செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். விமானி அறையில் நாங்கள் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை நாங்கள் நினைவுவைத்துச் செய்வதில்லை. ஒரு வேலை முடிந்ததே அடுத்த வேலையை எழுப்பிவிடும். எஞ்சின் நிலைபெற்றதும் கை தானாக அடுத்த விசைக்குப் போகும். இடையில் ஓர் அழைப்பு வந்து அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிட்டால், விட்டுப்போன வேலையை எழுப்ப வேண்டிய குறிப்பும் அதோடு போய்விடுகிறது. பிற்பாடு எந்த ஒலியும் எந்த விளக்கும் "நீ இதைச் செய்யவில்லை" என்று சொல்லாது. நாசா ஆய்வாளர்கள் 1998இல், விமானிகள் தாமாக முன்வந்து எழுதிய 107 அறிக்கைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். கவனத்தைப் பறித்தவற்றில் பெரும்பாலானவை நான்கு வகைக்குள் அடங்கின: பேச்சும் வானொலித் தொடர்பும், தலையைக் குனிந்து கணினியில் எண்களைப் பதிக்கும் வேலை, வெளியே வேறு விமானத்தைக் கண்ணால் தேடுவது, எதிர்பாராத பழுதுக்குப் பதில் நடவடிக்கை எடுப்பது. இவற்றில் பேச்சுக்கே முதலிடம். நான்கில் எதுவும் சோம்பேறியின் செயல் அல்ல என்பதைக் கவனியுங்கள். எல்லாமே அந்த நேரத்தில் செய்தாக வேண்டிய கடமைகள்தாம்.

நம் மதுரை விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளலாம். கிழக்கு மேற்காகக் கிடக்கும் ஒற்றை ஓடுதளம். நீளம் ஏறத்தாழ 7,500 அடி. நான் பறந்த ஆண்டுகளில், ஓடுதளத்தின் மீதே கோடி வரை ஊர்ந்து சென்று, அங்கே விமானத்தைத் திருப்பி நிறுத்திப் புறப்படுவோம். சென்னையிலிருந்து வரும் விமானம் ஒன்று வானில் நமக்காகக் காத்திருக்கும்; ஆகவே ஓடுதளத்தைச் சீக்கிரம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் கழுத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் காற்று திசை மாறி, மேற்கு நோக்கிப் புறப்பட இருந்த நாங்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட வேண்டும் என்று சொன்னால், வேகங்கள் முதல் புறப்பாட்டுப் பாதை வரை பலவற்றையும் துணை விமானி குனிந்த தலையோடு மீண்டும் பதித்துச் சரிபார்க்க வேண்டும். 1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட் நகரில் நடந்ததும் இதுவே. நகரத் தொடங்கிய பிறகு ஓடுதளம் மாற்றப்பட்டது. அதற்கான கணக்குகளைத் துணை விமானி சரிபார்க்க வேண்டியிருந்தது. வானிலைச் செய்தி வேறு வந்தது. கேப்டன் திரும்ப வேண்டிய பாதையைத் தவறவிட்டார். இந்த நெரிசலில், நகரும்போது படிக்க வேண்டிய பட்டியல் முழுவதுமே படிக்கப்படவில்லை. ஃபிளாப் விரியாமலே ஓடிய அந்த எம்டி-82 விமானத்தில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தவிர மற்ற அனைவரும் இறந்தார்கள். தரையில் இருந்த இருவரையும் சேர்த்து 156 பேர்.

இனி, உங்கள் மகள் என்ன பழக வேண்டும் என்பது. பட்டியலைப் படிக்கும்போது கட்டைவிரலை அந்த வரியின்மீது வைத்திருக்கட்டும். வானொலியில் அழைத்தாலும் விரலை எடுக்கக் கூடாது. விரல் நகர்ந்துவிட்டால், அல்லது நகர்ந்ததோ என்ற ஐயம் எழுந்தாலே, அந்தப் பட்டியலின் முதல் வரிக்குத் திரும்ப வேண்டும். "ஏறக்குறைய இங்கேதான் விட்டேன்" என்று நடுவில் தொடங்கவே கூடாது. முதலிலிருந்து படிக்க அவளுக்கு அரை நிமிடம் ஆகும். அதை யாரும் குறையாகப் பேசமாட்டார்கள், பேசினாலும் பொருட்படுத்த வேண்டாம். கோபுரத்திலிருந்து அழைக்கும்போது, "காத்திருக்கவும்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் தர விமானிக்கு உரிமை உண்டு என்பதைப் பயிற்சி விமானிகள் பலரும் உணர்வதில்லை. தரையில் நிற்கும் விமானம் விழப்போவதில்லை. அடுத்து, பதிலைச் சொல்வதற்கு முன் கண்ணால் காண வேண்டும், கையால் தொட வேண்டும். டிரிம் என்று வாய் சொல்லும்போது விரல் அந்தச் சக்கரத்தின்மீது இருக்க வேண்டும்.

கவனக்குறைவா என்று கேட்டீர்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவள் அந்தக் கணத்தில் கவனமாகத்தான் இருந்தாள். கோபுரத்தின்மீது கவனமாக இருந்தாள்.

பதில்: சோழவந்தான், ஓய்வுபெற்ற லோகோ பைலட்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் விமானம் ஓட்டியவன் அல்லன். மதுரைக் கோட்டத்தில் ரயில் ஓட்டியவன். கேப்டன் ஐயா எழுதியதை மரியாதையோடு படித்தேன். அவருடைய கடைசிப் பத்தியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கள் பணியில் ஒவ்வொரு சிக்னலையும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். திண்டுக்கல்லை விட்டு மதுரை வருகையில், சமயநல்லூர் நெருங்கும்போது இரட்டை மஞ்சள் தெரிந்தால், ஒருவர் கையை நீட்டிக் காட்டி "இரட்டை மஞ்சள்" என்பார், மற்றவர் தாமே பார்த்துத் திருப்பிச் சொல்வார். அதே தடத்தில் ஆயிரம் முறை போனாலும் சொல்ல வேண்டும். இரவு மூன்று மணிக்கு, கண் இமை கனக்கும் நேரத்தில், இந்தச் சத்தம்தான் எங்களைக் காப்பாற்றியது. பணியில் சேர்ந்த புதிதில் இதை வெறும் சடங்கு என்று நினைத்து, வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போனேன். உடன் வந்த மூத்தவர் அன்றைக்கே என்னைக் கண்டித்தார். அந்தக் கண்டிப்பை அவர் "மனித இயல்பு" என்று சொல்லி விட்டுக்கொடுத்திருந்தால், நான் முப்பதாண்டு காலம் பழுதின்றி வண்டி ஓட்டியிருக்க முடியுமா என்பது ஐயமே.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் அப்பா காலத்தில், களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை "லாபம்" என்று சொல்லித் தொடங்குவார். அடுத்த மரக்கால் நிறையும் வரை "லாபம், லாபம்" என்றே சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு "ரெண்டு, ரெண்டு". அளக்கிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நிலத்துக்காரரே வந்து நின்றாலும் அளந்து முடியும் வரை அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். எண்ணிக்கை தப்பியதாகத் தோன்றினால், அளந்த நெல்லைத் திரும்பக் கொட்டி முதலிலிருந்து அளப்பார். கேப்டன் ஐயா சொல்லும் கட்டைவிரல் முறையும் முதல் வரிக்குத் திரும்பும் முறையும் எங்கள் களத்தில் இருந்தவையே. உங்கள் மகளும் அந்த வரியை முடிக்கும் வரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். "டிரிம், டிரிம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் வாயால் வேறு ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தால், தான் எதை விடுகிறோம் என்பது தனக்கே தெரிந்துவிடும்.

ஆனால் பேச்சு பேசிக்கொண்டே வண்டியைக் கிளப்புகிறவர்களையும் இதே தட்டில் வைத்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: கே.கே. நகர், ஓய்வுபெற்ற விமானி

அண்ணன் சொல்வது சரி. அந்த வேறுபாட்டை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

1988 ஆகஸ்ட் 31 அன்று டல்லாஸ் நிலையத்தில் போயிங் 727 ஒன்று புறப்பட வரிசையில் காத்திருந்தபோது, விமானிகள் பணிப்பெண்ணோடு விமானத்துக்குத் தொடர்பில்லாதவற்றைப் பேசிக்கொண்டிருந்தது குரல் பதிவில் இருக்கிறது. பட்டியலைப் படித்தபோது ஃபிளாப் பற்றிய கேள்விக்குச் சரியான பதில் சொல்லப்பட்டது. ஃபிளாப் மட்டும் விரியவில்லை. 108 பேரில் 14 பேர் இறந்தார்கள். 1999இல் அதே ஆகஸ்ட் 31 அன்று புவெனஸ் அயர்ஸ் நகரில் போயிங் 737 ஒன்றில் எச்சரிக்கை ஒலி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே புறப்பட முயன்றார்கள். அங்கும் ஃபிளாப் விரியவில்லை, அங்கும் அதற்கு முன் சொந்தப் பேச்சு நடந்திருந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 65 பேர் இறந்தார்கள். இவற்றை மனித இயல்பு என்று நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த வகைப் பேச்சைத் தடுப்பதற்காகவே அமெரிக்காவில் 1981இல் விதி வந்தது. 1974இல் சார்லட் நகரில் தரையிறங்க வந்த விமானம் ஒன்றில் விமானிகள் அரசியலையும் பழைய கார்களையும் பற்றிப் பேசிக்கொண்டே தாழ இறங்கி மோதியதில் 72 பேர் இறந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நகரும்போதும், புறப்படும்போதும், இறங்கும்போதும், பொதுவாக 10,000 அடிக்குக் கீழே, பணிக்குத் தேவையற்ற எந்தப் பேச்சும் எந்த வேலையும் கூடாது. இந்தியாவிலும் இதே ஒழுங்கைத்தான் நாங்கள் கடைப்பிடித்தோம். இருந்தும் 2006 ஆகஸ்ட் 27 அன்று லெக்சிங்டன் நகரில், விடியாத இருளில், தேவையற்ற பேச்சோடு நகர்ந்த ஒரு விமானம் 7,003 அடி நீள ஓடுதளத்துக்குப் பதிலாக 3,500 அடி நீளமே உள்ள வேறோர் ஓடுதளத்தில் ஓடிப் புறப்பட முயன்றது. 50 பேரில் துணை விமானி ஒருவர் மட்டுமே பிழைத்தார். அந்த ஓடுதளத்தில் விளக்குகள் எரியாததை ஓடும்போதே இருவரும் கவனித்துப் பேசியிருக்கிறார்கள். கண் கண்டது, நிறுத்த வேண்டும் என்று மனம் எழவில்லை.

ஆயினும் ஆசிரியர் ஐயாவின் மகள் செய்த பிழை மாட்ரிட் வகையைச் சேர்ந்தது, டல்லாஸ் வகையைச் சேர்ந்ததன்று. முதல் வகைக்கு மருந்து முறை. இரண்டாம் வகைக்கு மருந்து ஒழுக்கம்.

பதில்: அவனியாபுரம், விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர்

விமானத்தைத் தரையிலிருந்து பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். டெட்ராய்ட், டல்லாஸ், மாட்ரிட் ஆகிய மூன்றிலும், ஃபிளாப் விரியாமல் விசையைக் கூட்டினால் அலற வேண்டிய எச்சரிக்கைக் கருவி ஒலிக்கவில்லை. டெட்ராய்டில் அந்தக் கருவிக்கு மின்சாரம் போகவில்லை. ஆகவே "மறந்தால் இயந்திரம் சொல்லிவிடும்" என்ற நம்பிக்கையைப் பயிற்சிக் காலத்திலேயே தங்கை விட்டுவிட வேண்டும். அவர் இப்போது ஓட்டும் சிறிய விமானத்தில் அப்படி ஒரு கருவியே இல்லை என்பது ஒரு வகையில் நல்லதே.

இயந்திரமே விமானியின் கவனத்தைப் பறிக்கக் கூடாது என்று வடிவமைத்தவர்கள் எண்ணியதையும் சொல்ல வேண்டும். ஏ320 விமானம் ஓடுதளத்தில் 80 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 148 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது முதல் 1,500 அடி உயரம் ஏறும் வரை, உடனடி ஆபத்தில்லாத பல எச்சரிக்கைகளைத் தானே அடக்கி வைத்துக்கொள்ளும். அந்தச் சில நொடிகளில் ஒரு சிறு பழுதின் மணியோசை, பழுதைவிடப் பெரிய கேட்டைச் செய்துவிடக் கூடும் என்பதே காரணம்.

நமக்கு மிக அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018 அக்டோபர் 12 அன்று நள்ளிரவுக்குப் பின், 130 பயணிகளோடும் 6 பணியாளர்களோடும் திருச்சியிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட போயிங் 737, ஓடுதளத்துக்கு அப்பால் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலேறியது. ஓடிக்கொண்டிருக்கும்போது கேப்டனின் இருக்கையின் சாய்மானம் பின்னோக்கிச் சரிந்தது. விசை நெம்புகோல்களின் மேலிருந்த அவர் கையும் அதோடு பின்னால் வந்தது. எஞ்சின்களின் விசை குறைந்தது. சரிந்த இருக்கையின் பக்கம் கவனம் போன அந்தச் சில நொடிகளில், விசை குறைந்திருப்பதை இருவருமே காணவில்லை என்றது விசாரணை. சுவரில் இடித்ததும் மேலே அவர்களுக்குத் தெரியவில்லை. பல மணிநேரம் பறந்த பிறகு தகவல் சொல்லித் திருப்பி மும்பையில் இறக்கினார்கள். எவருக்கும் காயமில்லை. அந்த விமானத்தில் நம் பக்கத்து ஊர்க்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் உடல் நடுங்குகிறது.

தரையில் இருக்கும் எங்களுக்கும் இதில் பங்குண்டு. கையொப்பத்துக்காகவோ எடைக் கணக்குத் தாளைக் கொடுப்பதற்காகவோ விமானி அறைக்குள் நுழைகிறவர், உள்ளே பட்டியல் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும் வரை வாசலில் நிற்க வேண்டும். எனக்கு இதை யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. ஒருமுறை நான் பேசத் தொடங்கியபோது, ஒரு கேப்டன் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினார், அன்று கற்றுக்கொண்டேன்.

பதில்: உசிலம்பட்டி, விமானப் பணிப்பெண்

ஐயா, நான் இப்பணியில் ஒன்பதாவது ஆண்டில் இருக்கிறேன். கதவை மூடியது முதல் இருக்கைப் பட்டை விளக்கு அணையும் வரை, விமானி அறையை நாங்கள் வீணாக அழைக்கக் கூடாது. உணவுத் தட்டு உடைந்தது, ஒருவர் இடம் மாற்றிக் கேட்கிறார் என்பவையெல்லாம் மேலே போன பிறகுதான். ஓடுதளத்தை நோக்கி நகரும்போது எழுந்து பெட்டியைத் திறக்கும் பயணியால் நாங்கள் முன்னால் தகவல் சொல்ல நேரிடுகிறது. அது மூன்று பேருடைய கவனத்தை உடைக்கிறது என்பதைப் பயணம் செய்கிறவர்கள் அறிய வேண்டும்.

ஆனால் இந்த விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு வாயடைத்திருப்பதும் ஆபத்தே. 1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடன் நகரில், இறக்கையின்மீது பனி படிந்திருந்ததைக் கண்ட பணிப்பெண், விமானிகளுக்குத் தெரிந்திருக்கும் என்று கருதிச் சொல்லவில்லை. புறப்பட்ட உடனே விழுந்த அந்த விமானத்தில் 24 பேர் இறந்தார்கள். அவர் பிழைத்து, விசாரணையில் அதைச் சொன்னார். புகை, தீ, இறக்கையில் கண்ட மாற்றம், கேபினில் ஒருவர் நிற்பது ஆகியவற்றைச் சொல்வது தொந்தரவு அல்ல. உங்கள் மகள் நாளை கேப்டனாக அமரும்போது, பின்னால் இருக்கும் எங்களிடம், "எதைக் கண்டாலும் தயங்காமல் சொல்லுங்கள், தேவையா இல்லையா என்பதை நான் முடிவு செய்கிறேன்" என்று பயணத்துக்கு முன்பே சொல்லிவிடும் வழக்கத்தைக் கைக்கொண்டால், நாங்கள் நன்றியோடு இருப்போம். அப்படிச் சொல்கிறவர்களோடு பறப்பது தனி நிம்மதி.

திருமங்கலம் ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. அனைத்துப் பதில்களையும் நேற்றிரவு அவளுக்குப் படித்துக் காட்டினேன். மாட்ரிட் பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். நெல் அளப்பதைப் பற்றி எழுதியதைக் கேட்டு, தன் தாத்தாவும் அப்படி அளந்ததைப் பார்த்த நினைவு இருக்கிறது என்றாள்.

அவளுக்கு இன்னும் ஓர் ஐயம். எண்களைப் பதிக்கும்போது நேரும் பிழையை எப்படிப் பிடிப்பது? வரி விடுபடவில்லை, இடையூறும் தெரியவில்லை, ஆனால் பதித்த எண்ணே தவறு என்றால்?

பதில்: கே.கே. நகர், ஓய்வுபெற்ற விமானி

நல்ல கேள்வி, அவளுடைய பயிற்றுநர் இதைக் கேட்டால் மகிழ்வார்.

2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் ஏ340 விமானம் ஒன்றின் புறப்பாட்டுக் கணக்கில், 362.9 டன் என்று பதிக்க வேண்டிய எடை 262.9 என்று பதிக்கப்பட்டது. நூறு டன் குறைந்த எடைக்கான விசையும் வேகமும் கணக்காகி வந்தன. வால் தரையில் உரச, ஓடுதளத்துக்கு அப்பால் இருந்த ஆன்டெனாவையும் இடித்து, எப்படியோ மேலேறித் திரும்பி வந்து இறங்கினார்கள். சரிபார்க்க வேண்டிய படிகள் பல இருந்தும், அன்றைய இடையூறுகளுக்கு நடுவே பிழை அத்தனையையும் தாண்டிப் போயிற்று. பிழையான எண்ணை எடுத்து இன்னொரு தாளில் எழுதி ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துத்தான் போகும் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இதற்கு நான் கண்ட வழி, கணினியைத் தொடுவதற்கு முன் மனத்தில் ஒரு தோராய விடையை வைத்துக்கொள்வது. மதுரையிலிருந்து இத்தனை பேரோடு சென்னைக்குப் போகிறோம் என்றால் எடை ஏறத்தாழ இவ்வளவு, வேகம் ஏறத்தாழ இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகே பதிப்பேன். கணினி தரும் விடை அதிலிருந்து விலகி நின்றால், கணினியை நம்புவதற்கு முன் கையை நிறுத்திவிடுவேன். நீங்கள் வகுப்பில் பிள்ளைகளிடம், கணக்குப் போடுவதற்கு முன் விடை எந்த அளவில் வரும் என்று ஊகிக்கச் சொல்வீர்கள் அல்லவா, அதேதான். இந்த ஒரு பாடத்தை எங்களைவிட நீங்களே அவளுக்கு நன்றாக நடத்தலாம். செஸ்னாவின் எடைக் கணக்குத் தாளை அவள் ஒவ்வொரு நாளும் நிரப்பத்தான் வேண்டும். நிரப்புவதற்கு முன் மொத்த எடையைத் தோராயமாகச் சொல்லி உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பட்டும்.

திருமங்கலம் ஆசிரியர்

இன்று காலை ஆறரை மணிக்கு முதல் செய்தி வந்தது. அவள் ஊகித்த எடைக்கும் தாளில் வந்த எடைக்கும் பதினோரு கிலோ வேறுபாடு. பயிற்றுநரின் எடையைக் குறைத்து நினைத்துவிட்டாளாம். பட்டியலை இன்று ஒருமுறை நடுவில் நிறுத்த நேர்ந்ததாகவும், முதல் வரிக்குத் திரும்பியதாகவும், பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறாள்.